நீரில் படியாத உப்பு

ஆக்ராவின் கோடை கொடியது. அக்பரின் அரண்மனைக்குப் பனிக்கட்டி எட்டாத காலத்தில், அங்கே குடிநீரைக் குளிர்விக்க வெடியுப்பைப் பயன்படுத்தினார்கள். அக்பரின் அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் தம் 'அயினி அக்பரி' நூலில் அதன் செய்முறையையே எழுதி வைத்திருக்கிறார். உலோகக் குடுவையில் குடிநீரை நிரப்பி வாயை மூடிவிட வேண்டும். வேறொரு பாத்திரத்தில் ஐந்து சேர் தண்ணீரும் இரண்டரை சேர் வெடியுப்பும் சேர்த்து, அந்தக் கலவைக்குள் குடுவையை இறக்கிக் கால் மணி நேரம் சுழற்ற வேண்டும். குடுவைக்குள் இருக்கும் தண்ணீர் சில்லென்று ஆகிவிடும்.

வெடிமருந்தில் நெருப்புக்குத் துணைபோகும் அதே பொருள் தண்ணீரில் விழுந்ததும் குளிரைத் தருகிறது. வெடியுப்பின் வேதிப்பெயர் பொட்டாசியம் நைட்ரேட். அதன் உறவுக்கார உப்புகள் பல: சோடியம் நைட்ரேட், கால்சியம் நைட்ரேட், அம்மோனியம் நைட்ரேட், வெள்ளி நைட்ரேட். இவை தண்ணீரில் கரையும்போது என்ன நடக்கிறது, கரைந்த பிறகு என்ன செய்கின்றன என்று பார்த்தால், மொகலாயர்களின் குளிர்நீர் மட்டும் விளங்காது. நம் கிணறுகளில் சத்தமின்றி ஏறிவரும் ஒரு மாசு ஏன் அவ்வளவு பிடிவாதமானது என்பதும் விளங்கும்.

ஒரே வடிவம், இரு வேறு குணம்

பள்ளி வேதியியலில் எந்த உப்பு கரையும், எது கரையாது என்று ஒரு பட்டியல் உண்டு. குளோரைடுகள் கரையும், ஆனால் வெள்ளிக் குளோரைடு கரையாது. சல்பேட்டுகள் கரையும், ஆனால் பேரியம் சல்பேட் கரையாது. கார்பனேட்டுகளில் பெரும்பாலானவை கரையவே கரையா. இப்படி 'ஆனால்' போட்டுச் சொல்ல வேண்டிய அந்தப் பட்டியலில், ஏறத்தாழ ஆனாலே இல்லாத வரி ஒன்று உண்டு: நைட்ரேட்டுகள் எல்லாம் நீரில் கரையும்.

காரணம் நைட்ரேட் அயனியின் அமைப்பில் இருக்கிறது. நடுவில் ஒரு நைட்ரஜன் அணு. அதைச் சுற்றி ஒரே தளத்தில், முக்கோணத்தின் மூன்று முனைகளில் மூன்று ஆக்சிஜன் அணுக்கள். இந்த நான்கு அணுக்களும் சேர்ந்து சுமப்பது ஒரே ஒரு எதிர்மின் சுமை. அதுவும் ஓரிடத்தில் குவியாமல் மூன்று ஆக்சிஜன்களிலும் சமமாகப் பரவிக் கிடக்கிறது. பெரிய உடல், மெல்லிய மின்சுமை. ஆகவே எதிரே இருக்கும் நேர்மின் அயனியை அதனால் இறுக்கிப் பிடிக்க முடிவதில்லை.

இதைத் தெளிவாகக் காட்டுவது கார்பனேட் அயனி. அதுவும் தட்டையான முக்கோணம்தான். நைட்ரஜன் இருந்த இடத்தில் கார்பன். எலெக்ட்ரான்களின் எண்ணிக்கைகூட ஒன்றுதான். சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் படிகத்தில் அயனிகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றனவோ, அப்படியேதான் சோடியம் நைட்ரேட் படிகத்திலும் அடுக்கப்பட்டிருக்கின்றன. முத்திலும் சிப்பியிலும் உள்ள அரகோனைட்டின் அடுக்கு முறை வெடியுப்பின் அடுக்கு முறைதான். வேறுபாடு ஒன்றே: கார்பனேட்டின் மின்சுமை இரண்டு, நைட்ரேட்டின் மின்சுமை ஒன்று. இரட்டைச் சுமை கொண்ட கால்சியமும் இரட்டைச் சுமை கொண்ட கார்பனேட்டும், ஒற்றைச் சுமை கொண்ட இரு அயனிகளைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வலிமையோடு ஒன்றையொன்று ஈர்க்கின்றன.

அந்த நான்கு மடங்கின் விளைவு மலைக்க வைப்பது. ஒரு லிட்டர் தூய நீரில் சுண்ணாம்புக்கல் சுமார் 14 மில்லிகிராம்தான் கரையும். அதே அளவு நீரில் 20 டிகிரி வெப்பநிலையில் சோடியம் நைட்ரேட் ஏறத்தாழ 880 கிராம் கரையும். அதனால்தான் சுண்ணாம்புப் பாறைகள் யுகயுகமாக மழையில் நனைந்தும் மலையாக நிற்கின்றன. நைட்ரேட்டோ மழை பெய்யும் நாட்டில் பாறையாக நிலைப்பதில்லை. உலகின் மிகப் பெரிய இயற்கை நைட்ரேட் படிவுகள் சிலி நாட்டின் அட்டகாமாவில் இருக்கின்றன என்றால், பூமியின் மிக வறண்ட பாலைகளில் அது ஒன்று என்பதே காரணம். அந்தப் படிவுகள் இருந்த நிலத்துக்காக 1879இல் சிலி ஒரு புறமும் பெரு, பொலிவியா மறுபுறமுமாகப் போரே நடந்தது.

குளிர் எங்கிருந்து வருகிறது

உப்பு கரைவதில் இரண்டு வேலைகள் உள்ளன. படிகத்தில் கட்டுண்ட அயனிகளைப் பிரிக்க ஆற்றல் செலவாகிறது. பிரிந்த அயனியை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பற்றும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. செலவு கூடினால் கரைசல் குளிரும். வரவு கூடினால் சூடாகும்.

நைட்ரேட்டின் மின்சுமை மெல்லியது என்பதால் நீர் மூலக்கூறுகளும் அதை இறுக்கிப் பற்றுவதில்லை. பொட்டாசியம் அயனியும் பெரியது, அதன் பிடியும் தளர்வானது. ஆக, வெடியுப்பு கரையும்போது செலவு வரவை மிஞ்சிவிடுகிறது. மிகுதியான நீரில் கரையும் ஒவ்வொரு கிராமும் சுமார் 345 ஜூல் வெப்பத்தைச் சுற்றியுள்ள நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 100 மில்லி தண்ணீரில் 20 கிராமைக் கரைத்தால் வெப்பநிலை பத்து டிகிரிக்கு மேல் இறங்கும். அபுல் ஃபசல் சொன்ன அளவில் உப்பு தண்ணீரின் பாதி எடை. 30 டிகிரியில்கூட அவ்வளவும் கரையாது. கொஞ்சம் அடியில் தங்கும். அரண்மனைப் பணியாளர்கள் அந்தத் தண்ணீரால் கரைக்க முடிந்த எல்லைவரை உப்பைக் கொடுத்து, பெற முடிந்த குளிரை முழுதாகப் பெற்றிருக்கிறார்கள்.

ஆற்றலில் நட்டம் என்றால் உப்பு ஏன் தானாகவே கரைகிறது? பள்ளியில் காலை வணக்கத்துக்கு வரிசையாக நிற்கும் பிள்ளைகள், கலையலாம் என்றதும் மைதானமெங்கும் பரவிவிடுகிறார்கள். வரிசையில் நிற்க ஒரே ஒரு முறைதான் உண்டு; சிதறி நிற்க எண்ணற்ற முறைகள் உண்டு. படிகத்தின் அயனிகளுக்கும் இது பொருந்தும். கரைசலில் அவை இருக்கக்கூடிய நிலைகள் கணக்கிலடங்கா. அந்த வாய்ப்புகளின் பெருக்கத்தை அறிவியல் என்ட்ரோபி என்கிறது. அது போதிய அளவு கூடும்போது, வெப்பத்தை உள்ளிழுக்கும் செயலும் தானே நடந்துவிடுகிறது.

அம்மோனியம் நைட்ரேட் இதில் இன்னும் தீவிரமானது. 20 டிகிரியில் 100 கிராம் நீர் சுமார் 190 கிராமைக் கரைத்துக்கொள்ளும். விளையாட்டு வீரர்களின் சுளுக்குக்கு வைக்கும் உடனடிக் குளிர்ப்பைகள் பலவற்றில் இந்த உப்பும் தனி உறையில் தண்ணீரும் இருக்கும். பையை அழுத்தினால் உறை உடைந்து உப்பு கரைய, பை குளிர்ந்துவிடும். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தைச் சிதைத்த 2,750 டன் சரக்கும் இதே அம்மோனியம் நைட்ரேட்தான். உலர்ந்து குவிந்து தீயில் சிக்கினால் பேரழிவு. நீரில் கரைந்தால் குளிர்ச்சி.

எல்லா நைட்ரேட்டும் குளிர்விக்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நீர் நீக்கிய கால்சியம் நைட்ரேட் கரையும்போது தண்ணீர் சூடாகிறது. இரட்டைச் சுமை கொண்ட கால்சியத்தை நீர் மூலக்கூறுகள் அவ்வளவு ஆவலாகப் பற்றுகின்றன. குளிரா சூடா என்பதைத் தீர்மானிப்பதில் நைட்ரேட்டின் கூட்டாளி அயனிக்கும் பங்குண்டு.

சூட்டில் கரைந்து, ஆறினால் படிகமாகும்

வெப்பத்தை உள்ளிழுத்துக் கரையும் உப்புக்கு வெப்பம் கொடுத்தால் இன்னும் அதிகமாகக் கரையும். 100 கிராம் நீரில் வெடியுப்பு 0 டிகிரியில் 13 கிராம், 20 டிகிரியில் 32 கிராம், கொதிநிலையில் சுமார் 245 கிராம் கரைகிறது. சமையல் உப்போ 0 டிகிரியில் 36 கிராம், கொதிநிலையில் 39 கிராம். ஏறத்தாழ அசையவே இல்லை.

இந்த வேறுபாட்டை நம்பி ஒரு பெரும் தொழிலே நடந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் படைகளின் வெடிமருந்துக்கு வெடியுப்பு கொடுத்த முதன்மையான இடம் பீகார். டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பாட்னாவில் முகாமிட்டு வாங்கினார்கள். பிளாசிப் போருக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த வணிகத்தைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. உற்பத்தி செய்தவர்கள் நூனியா சமூகத்தினர். மாட்டுக் கொட்டில்களையும் பழைய குடியிருப்புகளையும் ஒட்டிய மண்ணில் சாணமும் சிறுநீரும் மட்கி நைட்ரேட் ஆகும். மழைக்காலம் முடிந்து நிலம் காயும்போது, மண்ணுக்குள் இருக்கும் ஈரம் மேலேறி ஆவியாகி, உப்பை மண்ணின் முகத்தில் பூக்க வைக்கும். அந்த மண்ணைச் சுரண்டி, தண்ணீர் ஊற்றி வடித்து, வடிநீரைக் காய்ச்சி ஆறவைப்பார்கள். ஆறும்போது வெடியுப்பு படிகமாகும். மண்ணிலிருந்து கூடவே கரைந்து வந்த சமையல் உப்பில் பெரும்பகுதி நீரிலேயே தங்கிவிடும்.

இதில் விறகுச் சாம்பலுக்கும் பங்குண்டு. மண்ணில் கிடைப்பதில் கணிசமான பகுதி கால்சியம் நைட்ரேட். அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், வெடிமருந்துக்கு ஆகாது. சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. இரண்டும் நீரில் சேர்ந்தால் கால்சியமும் கார்பனேட்டும் கைகோத்துச் சுண்ணாம்பாகக் கீழே படியும். பொட்டாசியமும் நைட்ரேட்டும் கரைசலில் மிஞ்சும். படியக்கூடியது படிந்து வெளியேற, நைட்ரேட் நீரிலேயே இருந்துவிடுகிறது. இந்த நடத்தையை இனி வரும் ஒவ்வோர் இடத்திலும் பார்க்கலாம்.

வினைபுரிவது யார்?

வெள்ளி நைட்ரேட் கரைசலில் உப்புத் தண்ணீரை விட்டால் தயிர் போல வெள்ளை வீழ்படிவு தோன்றும். அது வெள்ளிக் குளோரைடு. காரீய நைட்ரேட்டோடு பொட்டாசியம் அயோடைடு சேர்ந்தால் பளிச்சென்ற மஞ்சளில் காரீய அயோடைடு படியும். இரண்டிலும் நைட்ரேட் எந்த மாற்றமும் அடைவதில்லை. முதலில் எப்படி இருந்ததோ அப்படியே கரைசலில் மிதந்துகொண்டிருக்கும். ஓர் உலோக அயனியைத் தண்ணீருக்குள் கொண்டுவர வேண்டும், கூடவரும் அயனி குறுக்கே நிற்கக் கூடாது என்றால் வேதியியலாளர் முதலில் தேடுவது அந்த உலோகத்தின் நைட்ரேட்டைத்தான்.

இந்தியாவில் வாக்களித்த ஒவ்வொருவரின் விரலிலும் இந்த வேதியியல் எழுதப்பட்டிருக்கிறது. 1962 பொதுத்தேர்தலில் அறிமுகமாகி, மைசூரில் தயாராகும் அந்த அழியாத மையில் இருப்பது வெள்ளி நைட்ரேட். தோலில் உள்ள உப்போடு சேர்ந்து அது வெள்ளிக் குளோரைடாகிறது. வெளிச்சம் பட்டதும் கருத்துத் தோலில் ஊன்றிவிடுகிறது. கறையை உண்டாக்குவது வெள்ளி. அதைத் தோல்வரை கரைத்துக் கொண்டுவந்தது நைட்ரேட்.

நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை. செம்பு நைட்ரேட் கரைசலின் நீலம் செம்பினுடையது; நிக்கல் நைட்ரேட்டின் பச்சை நிக்கலினுடையது. அமிலத் தன்மையும் அப்படியே. பொட்டாசியம் நைட்ரேட் கரைசல் நடுநிலையானது. இரும்பு நைட்ரேட் கரைசலோ நன்றாகவே புளிக்கும் அமிலம். சிறிய உடலில் மூன்று நேர்மின் சுமை தாங்கிய இரும்பு அயனி, தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை இழுத்து, அவற்றிலிருந்து ஹைட்ரஜன் அயனிகளைக் கழற்றிவிடுகிறது. வெளிர் ஊதாப் படிகம் நீரில் விழுந்து பழுப்பு மஞ்சளாக மாறுவதும் இதனால்தான். பிஸ்மத் நைட்ரேட்டில் இந்த நீராற்பகுப்பு இன்னும் முற்றி, தண்ணீர் பட்டதுமே வெள்ளையாக ஒரு காரஉப்பு படிகிறது. 'நைட்ரேட்டுகள் எல்லாம் கரையும்' என்ற விதிக்குச் சொல்லத்தக்க விலக்கு இது. இங்கேயும் படிவுக்குக் காரணம் பிஸ்மத் நீரோடு கொள்ளும் வினைதான்.

நைட்ரேட்டையே வினைபுரியச் செய்ய வேண்டுமானால் சூழலை மாற்ற வேண்டும். பள்ளி ஆய்வகத்தின் பழுப்பு வளையச் சோதனை அதைத்தான் செய்கிறது. நைட்ரேட் கரைசலில் இரும்பு சல்பேட்டைச் சேர்த்து, சோதனைக் குழாயின் சுவர் வழியே அடர் கந்தக அமிலத்தை மெல்ல இறக்கினால், இரண்டும் சந்திக்கும் எல்லையில் பழுப்பு வளையம் தோன்றும். கடும் அமிலச் சூழலில் நைட்ரேட் தன் ஆக்சிஜனை இழந்து நைட்ரிக் ஆக்சைடாகிறது; அது மிச்சமுள்ள இரும்போடு சேர்ந்து நிறம் காட்டுகிறது. அமிலமும் வெப்பமும் இல்லாத சாதாரணத் தண்ணீரில், நுண்ணுயிர் தீண்டாதவரை, நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கும்.

மண்ணிலிருந்து கிணற்றுக்கு

நைட்ரேட் படியாமலும் மாறாமலும் இருப்பது ஆய்வகத்தில் வசதி. நிலத்தடியில் இதுவே தொல்லை.

வயலில் இடும் யூரியா மண்ணில் அம்மோனியமாகிறது. பிறகு பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இது உயிர்களின் வேலை என்பதை 1877இல் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு அறிவியலாளர்கள் நிறுவினார்கள். கழிவுநீரை மணல் நிரப்பிய குழாய் வழியே மெல்லக் கசியவிட்டபோது அம்மோனியா நைட்ரேட்டாக மாறியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அந்த மாற்றம் நின்றுபோனது. மயக்க மருந்து நிறுத்தக்கூடிய செயல் என்றால் அதைச் செய்வது உயிருள்ள ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்!

களிமண் துகள்களும் மட்கும் எதிர்மின் சுமை கொண்டவை. நேர்மின் சுமை கொண்ட அம்மோனியத்தை அவை பிடித்துவைக்கின்றன. எதிர்மின் சுமை கொண்ட நைட்ரேட்டை அவற்றால் பிடிக்க முடியாது. எந்த உலோகத்தோடும் சேர்ந்து அது படியவும் செய்யாது. வேர்கள் உறிஞ்சியது போக மிஞ்சியது அடுத்த மழையோடோ பாசனத்தோடோ கீழே இறங்கி நிலத்தடி நீரில் சேர்கிறது. கழிவறைக் குழிகளிலிருந்தும் மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் கசிவதும் அதே வழியில்தான் போகிறது.

யாழ்ப்பாணக் குடாநாடு இதற்குத் துயரமான எடுத்துக்காட்டு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. குடிக்கவும் பயிருக்கும் சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கிய மழைநீரே ஆதாரம். குடாநாட்டின் வலிகாமம் பகுதிச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் உரமிட்டுத் தீவிரமாகப் பயிராகின்றன. வீட்டுக்கு வீடு கிணறும் மலக்குழியும் அருகருகே இருக்கின்றன. வெடிப்பும் குழிவும் நிறைந்த பாறை வழியே நீர் விரைந்து இறங்கிவிடுகிறது. அங்குள்ள கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் பாதுகாப்பு எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகின்றன. கார்பனேட் பாறையாக நிற்க, அதே வடிவம் கொண்ட நைட்ரேட் அந்தப் பாறைக்குள் நீராக ஓடுகிறது.

தமிழ்நாட்டின் நிலையும் நிம்மதி தருவதாக இல்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கையில், நாடு முழுவதும் எடுத்த நீர் மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நைட்ரேட் வரம்பை மீறியிருந்தது. நைட்ரேட் சிக்கல் மிகுந்த மாநிலங்களாக ராஜஸ்தான், கர்நாடகத்தோடு தமிழ்நாடும் அதில் இடம்பெற்றது.

குழந்தைகளின் குருதியில்

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 50. இந்த எல்லைக்குப் பின்னால் இருப்பது கைக்குழந்தைகளின் உயிர். 1945இல் அமெரிக்காவின் அயோவாவைச் சேர்ந்த மருத்துவர் ஹன்டர் காம்லி, கிணற்று நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் உடல் நீலம் பாரிப்பதை நைட்ரேட்டோடு தொடர்புபடுத்தினார். பாக்டீரியா உடலுக்குள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்குகிறது; நைட்ரைட் குருதியின் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை மாற்றிவிடுகிறது; மாறிய இரும்பால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கே இதில் ஆபத்து அதிகம்.

இங்கேதான் பலரும் தவறான நம்பிக்கையில் இருக்கிறார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. அது ஆவியாகாத உப்பு. பாதியாக வற்றும்வரை காய்ச்சினால் அதன் செறிவு இரண்டு மடங்காகும். மணல் வடிகட்டி, மெழுகுவர்த்தி வடிவ வடிகட்டி, குளோரின் எதுவும் அதை அகற்றாது. படிகாரம் போட்டாலும் படியாது. நிறம், மணம், சுவை எதுவும் காட்டிக்கொடுக்காது. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையும் அயனிப் பரிமாற்றப் பிசினும் அதைப் பிரித்தெடுக்கும். ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரில் அதே நைட்ரேட் செறிந்து இருக்கிறது. அதைத் தோட்டத்தில் ஊற்றினால், பயிர் எடுத்தது போக மற்றது திரும்பவும் கிணற்றுக்கே வரும். நைட்ரேட்டை உண்மையாகவே இல்லாமல் ஆக்குபவை, ஆக்சிஜன் அற்ற இடத்தில் அதன் ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜன் வாயுவாக வெளியிடும் பாக்டீரியாக்கள். அவற்றுக்கு உணவாகக் கரிமப் பொருள் வேண்டும். ஆழத்து நிலத்தடி நீரில் அது அரிது.

ஆகவே, நீரில் இறங்கிய பின் துரத்துவதைவிட, இறங்கும் முன் தடுப்பதே அறிவுடைமை. தழைச்சத்து உரத்தை ஒரே தவணையில் கொட்டாமல், பயிரின் தேவையறிந்து பிரித்து மேலுரமாக இடுவது ஒரு வழி. யூரியாவோடு வேப்பம்பிண்ணாக்கு கலப்பது நம் உழவர்கள் அறிந்த முறை. நைட்ரேட்டை உருவாக்கும் பாக்டீரியாக்களை வேம்பு மட்டுப்படுத்துகிறது. இந்தியாவில் யூரியா வேப்பெண்ணெய் பூசி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். கழிவறைக் குழியையும் தொழுவத்தையும் கிணற்றிலிருந்து தள்ளி அமைக்க வேண்டும்.

வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்து, கிணற்று நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ குடிப்பவர்கள், அதை ஒரு முறையாவது நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் அலகைப் பாருங்கள். 'நைட்ரேட்' என்று இருந்தால் எல்லை 45. 'நைட்ரேட்-நைட்ரஜன்' என்று இருந்தால் அது நைட்ரஜனின் எடையை மட்டும் சொல்கிறது, அதற்கு எல்லை சுமார் 10; 45 என்ற எல்லையோடு ஒப்பிட அதை 4.43 ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். எல்லைக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக்கூடக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். வேறு நீரைத் தேடுங்கள்.